பதினோராம் வாசலுக்கு ஒரு துணைநூல்

மூலக்குளம்
3.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை அன்புசெல்வி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அண்ணியின் முட்டிவலி, உங்கள் தோள்பட்டை எல்லாம் எப்படி இருக்கின்றன?

ஒரே ஊருக்குள், மூலக்குளத்திலிருந்து வைத்திக்குப்பத்துக்குக் கடிதம் போடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஜானகிராமனை நான் என் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டபோது, நீங்கள் வீராம்பட்டினத்துத் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கரையில நின்னு சொல்றேன், இனிமே அவகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்தீர்கள். கோபம் எப்போதோ ஆறிவிட்டது, சத்தியம்தான் நிற்கிறது என்று அண்ணி சொன்னார்கள். "எழுதறது பேச்சில்ல செல்வி, எழுதிப் பாரேன்" என்று வழி சொன்னவர்களும் அவர்கள்தான்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். 'பதினோராம் வாசல்' என்று ஒரு மாயக்கதை நாவல். 1958இல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நம் ஊர் சுங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த ஆதிமூலம் எழுதியது. நீலவாணன் என்ற வீரன் பதினோரு கடல்வாசல்களைக் கடந்து மூழ்கிய நாட்டுக்குப் போகிற கதை. அறுபது வருஷமாகப் பிள்ளைகளும் பேராசிரியர்களும் படிக்கிறார்கள். அதற்கு நான் ஒரு துணைநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவலைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்துப் படிக்கிற புத்தகம் அது: எந்த நாடு எங்கே இருக்கிறது, எந்த வார்த்தைக்கு என்ன பொருள், ஆசிரியர் எங்கே தவறினார் என்று அத்தியாய வாரியாகச் சொல்லும். ஏழு வருஷ உழைப்பு.

ஆதிமூலம் முன்னுரையில், "நான் கடலில் கால் நனைத்தவன் அல்லன், இக்கடல் என் தலைக்குள் இருப்பது" என்கிறார். கடலையே அறியாத ஒருவர் கடலைப் படைத்தார் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனாலும் படகுச் சொற்களை ஒரு கடல்காரர் பார்த்துவிட்டால் நல்லது. புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் நீலவாணன் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து, மூழ்கிய நாட்டு மக்கள் பேசுவதைக் கேட்கிறான். யோகிகள் உள்ளே கேட்கும் நாதத்தின் குறியீடு இது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். சரிதானா?

பதில் போட்டால் சந்தோஷம். போடாவிட்டாலும் புத்தகத்தைத் திருப்ப வேண்டாம்.

தங்கை,
அன்புசெல்வி

*

வைத்திக்குப்பம்
24.2.2025

செல்விக்கு,

அண்ணன் பஞ்சநாதன். எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். தோள் வலிக்கிறது. வலை இழுக்கிறவனுக்குத் தோள் வலிக்காமல் மூக்கா வலிக்கும்.

நாலாம் அத்தியாயம் படித்தேன். அது யோகமும் இல்லை, நாதமும் இல்லை. கத்தாழை மீன். கூட்டமாகப் போகும்போது அடியில் கறகறவென்று சத்தம் போடும். துடுப்பை விட்டுக் காதை வைத்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அப்பா செய்வார், நானும் செய்திருக்கிறேன். உன் கிளார்க்கு அதை எங்கே கேட்டார் என்று நீதான் சொல்ல வேண்டும். தலைக்குள் கத்தாழை இருக்காது.

உன் அண்ணி அமுதா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்றும் கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

மீதியைப் படிக்கிறேன்.

பஞ்சநாதன்

*

மூலக்குளம்
2.3.2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். அவர் மாத்திரை போடுகிறார். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடவும்.

யோகத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு 'கத்தாழை மீன்' என்று இரண்டு வார்த்தை எழுதினேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு நாலாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு வருஷமாகப் படித்த பக்கம்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பாட்டு உண்டு. "வெள்ளை அரக்கனின் வலத்தோளில் புகைக்கும் கிழவன் ஏறி அமரும்போது, நங்கூரமிடு" என்பதுபோல. பேராசிரியர் புருஷோத்தமன் இவை பொருளற்ற சந்தம் என்று எழுதிவிட்டார். எனக்கும் எதுவும் பிடிபடவில்லை. நாவலில் சூரியன் எப்போதும் கடலில்தான் மறைகிறான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் கடலிலிருந்து எழுகிறான். அதைக் கண்டுபிடித்தவள் நான். 'ஆசிரியர் தவறிய இடங்கள்' என்ற பட்டியலில் முதலில் போட்டிருக்கிறேன். கொஞ்சம் பெருமைதான்.

பாட்டுகளைப் பாருங்களேன், அண்ணா. அண்ணிக்கு முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புசெல்வி

*

வைத்திக்குப்பம்
19.4.2025

செல்விக்கு,

வீட்டில் யாவரும் சுகம். தைலம் நன்றாகக் கேட்கிறது என்கிறாள் அமுதா. பதில் எழுத நாளாகிவிட்டது. புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். முந்தாநாள் நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கடலில் நடுத்தண்ணீரில் ஒரு இடத்தை எப்படிக் கண்டுபிடிப்போம் என்று உனக்குத் தெரியும். கரையில் முன்னால் ஒரு அடையாளம், பின்னால் ஒரு அடையாளம் எடுத்துக்கொள்வோம். ஒரு கோபுரமும் ஒரு மரமும் என்று வைத்துக்கொள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கிற கோட்டில் போவோம். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் அடியில் பார் இருக்கும், கல்லுத்தரை. அங்கேதான் மீன் தங்கும். உன் பாட்டு எல்லாம் அதுதான். சந்தமாவது ஒன்றாவது. வழி சொல்கிறான் மனுஷன்.

ஆனால் எந்த ஊர்க் கரை என்று புரியவில்லை. வெள்ளை அரக்கன் என்றால் நம் பழைய லைட் ஹவுஸ் மாதிரி இருக்கிறது. புகைக்கும் கிழவன் மில் சிமினி மாதிரி. இரட்டைச் சகோதரிகள் சம்பா கோயில், அந்த மாதா கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் மாதிரி. ஆனால் கடலில் இருந்து பார்த்தால் சிமினி நமக்கு லைட் ஹவுசுக்கு இடது பக்கம். புத்தகத்தில் வலது பக்கம். எல்லாமே அப்படித் தப்பாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து எரிச்சலாகிவிட்டது.

அப்போது அமுதா பீரோக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் புத்தகத்தோடு நின்றேன். முதல் பக்கத்தில் அந்த நாட்டுப் படம் போட்டிருக்கிறதே, அது கண்ணாடியில் தெரிந்தது. எழுத்தெல்லாம் இடம் வலமாகிப்போச்சு. ஊர் நேராகிப்போச்சு.

நம்ம கரை, செல்வி. வைத்திக்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் வரைக்கும். அமுதாவிடம் சீப்பை வாங்கி, அதன் முனையால் கண்ணாடியில் தொட்டுக் காட்டினேன். அவள் "அய்யோ, அரியாங்குப்பத்து ஆறு" என்றாள். 

உன் சூரியன் கதையும் அதுதான். மேற்கே கடல் இருக்கிற மாதிரி ஊரைப் புரட்டிப் போட்டவர், ஒரே ஒரு இடத்தில் மறந்துபோய், தான் பார்த்ததை எழுதிவிட்டார்.

பஞ்சநாதன்

*

மூலக்குளம்
23.4.2025

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை நின்றபடியே படித்தேன். படத்தைக் குளியலறைக் கண்ணாடியில் காட்டினேன். நான் பிறந்த கரை அங்கே இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வயல்காரர், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் எழுதிய ஆய்வேடு பொய் என்று ஆகிறது. அதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் ஒரு கடற்கரை முழுவதையும் கதைக்குள் மடித்து வைத்திருக்கிறார், அறுபத்தேழு வருஷமாக யாரும் பிரிக்கவில்லை.

ஒரே ஒரு வாசலையாவது போய்ப் பார்ப்பீர்களா? அங்கே உண்மையிலேயே பார் இருக்கிறதா?

அன்புசெல்வி

*

வைத்திக்குப்பம்
21.5.2025

செல்விக்கு,

நாங்கள் நலம். உன் வீட்டுக்காரருக்கும் நலம் விசாரித்ததாகச் சொல். இந்தத் தரம் நான்தான் விசாரிக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. என் சின்ன ஃபைபர் போட்டுக்குத் தடை இல்லை. கடல் காலியாக இருந்தது, அதனால் போனேன்.

முதல் வாசல் எங்களுக்குத் தெரிந்த பார்தான். நாலாவதும் அப்படியே. ஏழாவது யாருக்கும் தெரியாது. பாட்டை இடம் வலம் மாற்றிப் படித்துக்கொண்டே போட்டை ஓட்டினேன். சிமினி இப்போது புகை விடுவதில்லை, ஆனால் நிற்கிறது. அது லைட் ஹவுஸ் தோளில் வந்து உட்கார்ந்ததும் என்ஜினை நிறுத்தி ஈயக்குண்டை இறக்கினேன். சேற்றில் விழுந்தால் குண்டு மெத்தென்று நிற்கும். இது டக்கென்று தட்டியது. கயிறு வழியாக என் விரலுக்கு வந்தது. ஒரு புத்தகத்தில் எழுதியிருந்த வரி கடலுக்கு அடியில் கல்லாக இருக்கிறது. கைகூப்பிவிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

பதினோராவது வாசலைத் தேடிப் போக வேண்டிய வேலை இல்லை. பாட்டைப் படித்ததுமே தெரிந்தது. அது நம்ம அப்பா பார். தாத்தா காட்டி அப்பாவுக்கு, அப்பா காட்டி எனக்கு. வேறு யாருக்கும் தெரியாது. அப்பா படுக்கையில் கிடந்தபோது, "யார்கிட்டயும் வாயத் தொறந்துடாத" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. எழுதிவிட்டேன்.

நம்ம பார் உன் கிளார்க்குக்கு எப்படித் தெரிந்தது என்று சின்னப்பாப்பா அத்தையிடம் போய்க் கேட்டேன். அத்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. "அந்த கிளார்க்கா? வாந்தி கிளார்க்குனுதான் பேரு. எங்கப்பா கட்டுமரத்துல ஏறிப் போவாரு, போறப்ப வாந்தி, வர்றப்ப வாந்தி. மறுநாளும் வந்து நிப்பாரு. எங்கப்பா அவருகிட்டயும் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு, கடல்ல பாத்தத எவன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு" என்றது.

உனக்குத் தேவைப்படும் என்று எழுதினேன்.

பஞ்சநாதன்

*

மூலக்குளம்
27.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். நான் மட்டும் தரையில் இல்லை.

துணைநூல் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதம். பதிப்பாளரிடம் சொன்னேன், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாவல் படத்தைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்தில் நம் கரைப் படம். கீழே பதினோரு வாசலுக்கும் அட்டவணை: பாட்டு, கரை அடையாளம், எத்தனை பாகம் ஆழம், அடியில் கல்லா சேறா. அப்பா ராஜாங்கத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் போடுவேன். தமிழில் எந்த மாயக்கதைக்கும் இப்படி ஒரு துணைநூல் வந்ததில்லை. பொருளற்ற சந்தம் என்று எழுதிய புருஷோத்தமன் சார் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டும். வெளியீட்டு விழா ஆடி மாதக் கடைசியில், நம் ஊரிலேயே.

மீதி ஏழு வாசலையும் பார்த்து ஆழங்களை மட்டும் எழுதி அனுப்பிவிடுங்கள். நீங்கள் விழாவில் பேச வேண்டாம், சத்தியம் இருக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

அன்புசெல்வி

*

வைத்திக்குப்பம்
4.7.2025

செல்விக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே சௌக்கியம்தானே. அமுதாவுக்கு முட்டி தேவலை. பக்கத்து வீட்டில் பலாப்பழம் அறுத்தார்கள், உனக்குப் பிடிக்கும் என்று பேசிக்கொண்டோம். வெயில் இன்னும் குறையவில்லை. கொடிக்கம்பத்துப் பக்கம் மணல் கொஞ்சம் அரித்திருக்கிறது.

தடைக்காலம் முடிந்து போன மாதம் பதினைந்தாம் தேதி விசைப்படகு எல்லாம் கிளம்பியது. கரையில் நின்று பார்த்தேன். வடக்கே ஒரு பார் இருந்தது. எவனோ ஜிபிஎஸ்ஸில் குறித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டான். இழுவலை போட்டு இழுத்தே இரண்டு வருஷத்தில் அந்தக் கல்லைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே குண்டு இறக்கினால் மெத்தென்று இருக்கிறது. இது சும்மா ஊர்ச் செய்தி.

நீ கேட்ட ஆழம் பதினொன்றும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவா என்று ஒரு வரி எழுது, அனுப்பிவிடுகிறேன். உன் ஏழு வருஷ உழைப்பு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பஞ்சநாதன்

*

மூலக்குளம்
9.7.2025

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சுகமாக இல்லை. அண்ணியிடம் போனில் கேட்டேன். மே மாதத்திலிருந்து நீங்கள் பதினோராவது பாருக்குப் போகவே இல்லையாம். "அப்பா மூஞ்சில முழிக்க முடியல" என்று ஒருநாள் சொன்னீர்களாம்.

என்னிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டீர்கள். பலாப்பழத்துக்கும் மணல் அரிப்புக்கும் நடுவில் வடக்குப் பார் கதையை வைத்து அனுப்புவீர்கள். இரண்டு நாள் அந்தப் பத்தியையே படித்தேன். பதினோரு பாட்டுக்கும் பொருள் எழுதத் துணிந்தவளுக்கு, சொந்த அண்ணன் எழுதிய ஒரு பத்திக்குப் பொருள் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

ஆழங்களை அனுப்ப வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். பதிப்பகத்துக்குப் போய் அந்தப் பக்கங்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். பதிப்பாளரிடம், நான் அவசரப்பட்டுச் சொன்னது, ஆதாரம் நிற்கவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க நாளாகும். போகட்டும்.

வருத்தத்தைவிட எனக்குப் பெரிதாக இருப்பது அந்த மனிதர்தான், அண்ணா. தினமும் வாந்தி எடுத்துக்கொண்டு கடலைக் கற்றார். கற்றதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சத்தியத்தையும் மீற முடியவில்லை. அதனால் ஒரு நாட்டையே இடம் வலமாகப் புரட்டினார். போதாததற்கு, கடலில் கால் நனைத்தவனல்லன் என்று எழுதிவைத்து, என்னைப் போன்றவர்கள் அதை நம்பி ஆராய்ச்சி செய்ய விட்டுவிட்டார். தனக்குக் கடல் தெரியும் என்று ஒரு உயிருக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போயிருக்கிறார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. அவர் காப்பாற்றியதை உடைக்கவா நான் ஏழு வருஷம் உழைத்தேன்?

துணைநூலில் வாசல்களுக்கு இப்போது இருக்கிற குறிப்பு இவ்வளவுதான்:

"பதினோரு வாசல்கள்: ஆசிரியர் முன்னுரையில் சொல்வதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இக்கடல் அவர் தலைக்குள் இருப்பது."

பிழைப் பட்டியலிலிருந்து பத்தொன்பதாம் அத்தியாயத்துச் சூரியனையும் எடுத்துவிட்டேன். அந்த ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். கத்தாழை மீன் குறிப்பையும் எடுத்துவிட்டுப் பழைய யோகத்தையே வைத்துவிட்டேன். அதுதான் கொஞ்சம் வலித்தது.

பாருக்குப் போங்கள், அண்ணா. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்.

தங்கை,
அன்புசெல்வி

*

வைத்திக்குப்பம்
22.8.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் உன் அண்ணியும் நல்ல சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் தேர் அன்றைக்கு அம்மனிடம் வேண்டிக்கொண்டோம்.

விழாவுக்கு வந்திருந்தேன். முன்வரிசை வேண்டாம் என்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேராசிரியர் மேடையிலேயே, வாசல் பாட்டுகளுக்கு ஆசிரியை உழைக்கவே இல்லை, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சூரியன் திசை மாறியிருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை என்று சொன்னார். சபை சிரித்தது. நீ எழுந்து, "ஆமாங்க சார், கவனிக்கல" என்று சொல்லி உட்கார்ந்தாய். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. என் சத்தியம் மட்டுமா, எல்லார் சத்தியமும் சேர்ந்து என்னை உட்கார வைத்தது.

மறுநாள் காலையில் அப்பா பாருக்குப் போனேன். மூன்று மாதம் கழித்துப் போகிறேன். குண்டை இறக்கினேன். டக்கென்று தட்டியது. இருக்கிறது. அங்கேயே இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. நேராக வீராம்பட்டினம் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கோவிந்தராசுவிடம் கேட்டேன். இந்தக் கரையில் நின்று என்று சொல்லித்தானே சத்தியம் செய்தேன், அது கடலுக்குள்ளும் செல்லுமா என்றேன். அவர், "கரையில வெச்சது கரையோட. தண்ணிக்கு உள்ள அம்மாவே வேற" என்றார். ஒன்பது வருஷமாக இதைக் கேட்கத் தோன்றவில்லை பார், நான் எவ்வளவு பெரிய மடையன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வைத்திக்குப்பம் கரைக்கு வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. அவர் வாந்தி எடுத்தால் பரவாயில்லை, அது நம்ம போட்டில் பழக்கம்தான். கரையில் உன்னைப் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன். வெள்ளை அரக்கன் பின்னால் போவான், இரட்டைச் சகோதரிகள் ஒன்றாகச் சேருவார்கள், நான் என்ஜினை நிறுத்துவேன். பதினோராம் வாசல் வந்துவிட்டது என்று நான்தான் உனக்குச் சொல்வேன், என் வாயால்.

அண்ணன்,
பஞ்சநாதன்